மூன்றாவது கிளாஸ்

சாராயத்தை வடிகானில் கவிழ்த்துவிட்டு, அதே போத்தலில் பால் விடாத ஆறின பிளேன்டீயை ஊற்றி மூடினேன். நிறம் அச்சு அசல்.

நத்தார் விருந்துக்கு நான் போனில் பார்த்துப் பழகிய கொக்டெயில். பிபிலைத் தோடம்பழச் சாறு, இஞ்சிச் சாறு, கொஞ்சம் தேன், சாராயத்துக்குப் பதில் அந்தப் பிளேன்டீ. கிளாஸ் விளிம்பில் எலுமிச்சையைத் தடவி, சீனியில் ஒற்றி எடுத்தேன். மேலே ஒரேயொரு புதினா இலை. பார்க்க அவ்வளவு அழகு.

பயம் ஒன்றுதான். என் வீட்டுக்காரர் ரமேஸ் தேயிலைப் பெக்டரியில் டீமேக்கர். ஒரு நாளைக்கு முப்பது கோப்பை ருசி பார்க்கிற நாக்கு. அதனால் இஞ்சியை இன்னும் கொஞ்சம் பிழிந்தேன்.

குடித்தால்தான் அவருக்குக் கை நீளும். பதினோரு வருஷமாக எல்லோரும் எனக்குச் சொல்லி வருவது இதுதான். நானும் நம்பினேன். ஒரு நத்தாராவது அடி வாங்காமல் போகட்டுமே என்று இருந்தது.

கிறிஸ்து பிறப்புப் பூசை முடிந்து நாத்தனார் நிரஞ்சலாவும் அவள் புருஷனும் ஹாலிஎலயிலிருந்து வந்தார்கள். நான் தட்டை நீட்டினேன்.

ரமேஸ் ஒரு வாய் குடித்தார். வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். என்னைப் பார்த்தார்.

பிரமாதம், இன்னொன்று கொண்டுவா என்றார்.

அப்பாடா என்று இருந்தது.

இரண்டாவது கிளாஸில் நாத்தனார் புருஷன் பாட ஆரம்பித்துவிட்டார். ரமேஸுக்கு நாக்குக் குழறியது. வெறும் பிளேன்டீக்கா இந்த ஆட்டம் என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

மூன்றாவது கிளாஸைக் கொடுக்கும்போது ரமேஸின் சட்டையில் இரண்டு சொட்டுச் சிந்திவிட்டது.

கன்னத்தில் அறை விழுந்தது. கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது.

எனக்கு வலிக்கவில்லை. காது மட்டும் கொய்யென்றது.

"விடுங்க அண்ணி, அண்ணனுக்கு ஏறிருச்சு. குடிக்காட்டி அவரு தங்கம்ல," என்றாள் நிரஞ்சலா.

நான் குந்தி, கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினேன். அழ வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

ரமேஸும் பக்கத்தில் வந்து குந்தினார். ஒரு சில்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அவர் கை நடுங்கவே இல்லை. யாருக்கும் கேட்காமல், வேலைத்தளத்தில் பேசுகிற அதே நிதானமான குரலில் சொன்னார்.

"மொத வாயிலயே தெரியும். நம்ம பெக்டரித் தூளு. சாயம் நல்லா எறங்கியிருக்கு."

எழுந்ததும் மறுபடி தள்ளாட ஆரம்பித்தார்.