கிணுகிணுக்கும் சங்கிலி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் செம்பாறை முகட்டில், இரண்டு பக்கமும் அதலபாதாளம். ஏறுபவர்கள் பிடித்துக்கொள்ளப் பாறையில் பொருத்திய, வெயிலில் கொதிக்கும் இரும்புச் சங்கிலியை டெல்சா இரு கைகளாலும் இறுகப் பற்றியிருக்கிறாள். அது பாறையில் பட்டுக் கிணுகிணுக்கிறது. தன் நடுக்கம் ஊருக்கே கேட்பதுபோல் அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது. மேலிருந்து இறங்கிவரும் பருத்த மனிதர் அதே சங்கிலியைப் பிடித்தபடி அவளுக்கு எதிரே வந்து நின்றுவிடுகிறார். ஒருவர் கையை எடுத்தால்தான் இன்னொருவர் கடக்க முடியும். "ஏறி வர்றவங்களுக்குத்தான் வழி விடணும், பெரியவரே!" என்று பின்னாலிருந்து கத்துகிறான் அவள் கணவன் கார்வின். "தெரியும்ப்பா. எல்லாருக்கும் அதைச் சொல்றவனே நான்தான்," என்று அவர் சிரிக்கப் பார்க்கிறார். "விரல்தான் கேக்க மாட்டேங்குது." அவர் காலடியிலிருந்து ஒரு கல் உருள்கிறது. அது விழும் சத்தம் வரவேயில்லை. டெல்சா பாறையோடு மார்பை ஒட்டிப் படுத்து, விரல் விரலாகப் பிடியை விடுகிறாள். இரண்டு கைகளையும் எடுத்தாயிற்று. சங்கிலி இன்னும் கிணுகிணுக்கிறது.