இரண்டாவது பூவிழி

எங்கள் வீட்டுக் கணினியில் 'பூவிழி' என்ற என் பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. ஃபோல்டர் அதற்குரியவரின் குரலிலேயே பேசும் என்பதால், ஆளுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாவதைத் திறந்தேன். அதில் இருந்தது கல்லூரி முதல் வருடத்து நான். கணினியைப் பழுதுபார்த்தபோது எனக்குப் புதிதாக ஒன்று போட்டார்கள். பழையது அழியாமல் கிடந்திருக்கிறது. கடைசியாகத் திறந்தது இன்று காலை.

"இது எதுக்கு இடத்த அடச்சிக்கிட்டு? அழிக்கிறேன்" என்றேன்.

அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள். "ஐயோ, வேணாம்டி! அவகிட்டதான் மாத்திர கேக்குறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாத்திரை அட்டையில் தமிழில் நாலு வார்த்தை அச்சடித்தால் இந்த மருந்துக் கம்பெனிக்காரர்களுக்கு என்ன குடி முழுகிவிடும்? தெருவிலேயே முதல் பட்டதாரி நான். தெருவுக்கே மனு எழுதிக் கொடுத்தவள்.

"நான் ஒருத்தி இங்க இருக்கேன்ல? எங்கிட்ட கேட்டா என்ன?"

"நீ வேலைக்குப் போறவ. ரெண்டாந்தடவ கேட்டா எரிஞ்சு விழுவ. அவ படிக்கிற புள்ள, பத்து தடவ கேட்டாலும் சொல்லுவா."

"நான் எப்ப எரிஞ்சு விழுந்தேன்?" என்று கத்தினேன்.

அம்மா கையிலிருந்த அட்டையைக் கணினிக்குக் காட்டினாள். "பூவிழி, இது காலையிலயா, ராவுலயா?"

"காலையிலம்மா, சாப்ட்டுட்டு" என்றது என் குரல். "மறக்காம இருக்க, அட்டையில ஒரு சூரியன் வரஞ்சு வச்சுக்க."

நான் பேனாவை எடுத்தேன். "குடும்மா, நான் வரையறேன்."

அம்மா அட்டையைக் கொடுக்காமல் என் முகத்தில் எரிச்சல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.