மரை கழன்ற மாப்பிள்ளை

மறுநாள் மலைமேட்டில் பைக் பந்தயம். மாப்பிள்ளைத் துரை வாசலில் வண்டியை நிறுத்தி, கியர் ஆயிலைத் தானே மாற்றினார். ஸ்பேனரைக் கரண்டி மாதிரி பிடித்திருந்தார்.

"மெக்கானிக்குக்கு என்ன தெரியும்? நீங்கதான் கைராசிக்காரர்," என்றாள் என் மகள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பழைய ஆயிலை வடித்துவிட்டு அடி போல்ட்டை மாட்டினார்.

"இன்னும் இறுக்குங்க, ஒழுகிடப் போவுது," என்றாள் மகள்.

இறுக்கினார். மரை மொத்தமும் உதிர்ந்து போல்ட் கையோடு வந்தது. பட்டறைக்குப் போகாமல் இனி அதில் ஆயில் நிற்காது.

"பந்தயம் போச்சே!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மகளை உள்ளே இழுத்தேன். "இந்த ஆளை நம்பி வேலையக் குடுத்தியே, அறிவிருக்கா?"

"போன பந்தயத்துல தோள்பட்டைய உடைச்சிட்டு வந்தார். போகாதீங்கன்னா கேக்குறாரா? எப்படியும் கெடுத்துடுவார்னு நம்பித்தாம்ப்பா குடுத்தேன்."