உப்பு கம்மி

புது கம்ப்யூட்டர் போர்டில், அதை லேப்டாப்போடு பேச வைக்கும் சீரியல் கேபிளை மாட்டும் முன், கேபிளை மட்டும் தனியாகச் சோதிப்பது என் வழக்கம். அனுப்பும் முனையையும் வாங்கும் முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டால், நாம் அடிப்பதே நம் திரைக்குத் திரும்பி வரும். மறுபக்கத்தில் யாரும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து மயிலாப்பூர் வீட்டுக்கு வந்ததும், சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, கேபிளை அதில் செருகி, மறுமுனையில் துண்டு ஒயரை மாட்டி, எப்போதும் அடிக்கும் சொல்லை அடித்தேன்.

சாப்டியா

சாப்டியா என்று திரும்பி வந்தது. அதன் கீழே இன்னொரு வரியும் வந்தது.

இன்னும் இல்ல

துண்டு ஒயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி அடித்தேன். இந்த முறை நான் அடித்தது திரும்பவில்லை. பதில் மட்டும் வந்தது.

இன்னும் இல்ல

மீன்குழம்புச் சட்டியோடு வந்த என் மனைவி டெல்பின் திரையை எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க அது?"

"யாரும் இல்ல. கேபிளோட அந்தப் பக்கம் எதுலயும் மாட்டவே இல்ல."

"பாவம், பசியில இருக்காங்க போல" என்று மூன்றாவதாக ஒரு தட்டு வைத்துப் பரிமாறினாள்.

நாங்கள் வாயில் வைப்பதற்குள் திரையில் அடுத்த வரி வந்தது.

உப்பு கம்மி

டெல்பின் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். எழுந்து போய், உப்பு டப்பாவை எடுத்து வந்து மூன்றாவது தட்டின் பக்கத்தில் வைத்தாள்.