அருவி தாண்டி அரை மணி நேரம்

"யாரும் நனையக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்!"

அம்மா முன்சீட்டிலிருந்து திரும்பி விரலை ஆட்டினாள். பின்சீட்டில் ஒன்பது வயது வாலுவும் அவள் தம்பி ஐந்து வயதுக் குட்டியும் பரம சாதுக்களாகத் தலையாட்டினார்கள்.

அம்மா தையற்காரி. இந்தப் பயணத்துக்காகவே மூன்று நாள் மெஷினை மிதித்து, நீலப் பூப்போட்ட ஒரே துணியில் நாலு பேருக்கும் தைத்திருந்தாள். "நாலு ஜன்னல் திரை ஊருக்குக் கிளம்பின மாதிரி இருக்கு" என்று சொல்லி அப்பா காலையிலேயே ஒரு முறைப்பு வாங்கியிருந்தார்.

அப்பா பஸ் டிரைவர். நண்பரிடம் இரவல் வாங்கிய குட்டிக் கார் அவருக்குப் பொம்மை மாதிரி. மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும், "கம்பியைப் பிடிச்சுக்குங்க! படியில நிக்காதீங்க!" என்று குரல் கொடுத்தார். இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் சாய்ந்து சாய்ந்து விழுந்தார்கள்.

"தாத்தாவுக்கு மீசை இருக்காப்பா?" என்றான் குட்டி.

"போய்ப் பாத்துடுவோம்."

"பாட்டி திட்டுவாங்களா?"

"அழுக்கா போய் நின்னா திட்டுவாங்க" என்று அம்மா முந்திக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, நான் அவங்கள என்னன்னு கூப்பிடறது? அத்தைன்னா, அம்மான்னா?"

"வாயில எது வருதோ, அது."

"முதல் முதலா போறோம். நம்மளப் பாத்துட்டு முகத்தைச் சுளிச்சா? வாசல்லயே பேசி அனுப்பிட்டா?"

"அவங்கதானே வாங்க வாங்கன்னு கூப்பிட்டாங்க?"

"போன்ல கூப்பிடறது வேற. நேர்ல நம்மள ஏத்துக்கணுமே."

அப்பா தாடையைத் தடவிக்கொண்டார். காலையில் அவர் இரண்டு தடவை சவரம் செய்துகொண்டதை அம்மா பார்த்திருந்தாள்.

அடுத்த வளைவில் சத்தம் முதலில் வந்தது. பிறகு அருவியே வந்தது.

"தாத்தா சொன்ன அருவி!" என்று வாலு கத்தினாள். "நிறுத்துங்கப்பா! நிறுத்துங்க!"

"அஞ்சே நிமிஷம்" என்றாள் அம்மா. "தள்ளி நின்னு பாக்கறோம். கிளம்பறோம்."

குட்டி ஒரு தவளையைப் பார்த்தான். தவளை தண்ணீரில் குதித்தது. குட்டியும் குதித்தான். அவனைப் பிடிக்கப் போன வாலு வழுக்கி, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தாள். இருவரையும் தூக்கப் போன அப்பா, "ஐயையோ, பிரேக் பிடிக்கல!" என்று அலறிக்கொண்டே மல்லாந்தார்.

கரையில் அம்மா மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றாள். உதடு துடித்தது. இன்றைக்குத் தொலைந்தோம் என்று மூவரும் மூச்சைப் பிடித்தார்கள்.

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. செருப்பை இரண்டு பக்கமும் உதறிவிட்டு நேரே போய் அருவிக்கு அடியில் நின்றாள். அவள் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த பறவையெல்லாம் வேறு மலைக்குக் குடிபோயின.

அஞ்சு நிமிஷம் ஒரு மணி நேரமாயிற்று.

மறுபடி காரில் ஏறிய பிறகுதான் வாலு கவனித்தாள். "அம்மா, உங்க கழுத்தெல்லாம் நீலம்!"

அப்பாவின் காது நீலம். குட்டியின் மூக்கு நீலம். "சாயம் போகவே போகாதுன்னு கடைக்காரர் அடிச்சுச் சொன்னாரே!" என்று அம்மா தலையில் கைவைத்தாள். அந்தக் கையும் நீலம். துடைக்கத் துடைக்க நீலம் பரவியது. சிரிக்கச் சிரிக்க அப்பாவால் வண்டி ஓட்ட முடியவில்லை.

அரை மணி நேரத்தில் அந்த வீடு வந்துவிட்டது. மலைச்சரிவில் சிவப்புக் கூரை. இரண்டு பேர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தாத்தா பளபளவென்று ஷூ போட்டிருந்தார். பாட்டியின் தோளில் நாலு துண்டுகள்.

காருக்குள் சிரிப்பு சட்டென்று நின்றது. நால்வரும் சொட்டச் சொட்ட இறங்கி வரிசையாக நின்றார்கள்.

"அம்மா... மன்னிச்சுக்குங்க. நாங்க இப்படி வரணும்னு..." அம்மாவால் முடிக்க முடியவில்லை. பாட்டி அதற்குள் துண்டை அவள் தலையில் போட்டு, அழுத்தி அழுத்தித் துவட்டத் தொடங்கியிருந்தாள்.

தாத்தா முழங்காலில் கையூன்றிக் குனிந்து, இரண்டு நீல முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போன வருஷம் நம்பரைத் தப்பாப் போட்டு, 'குழாய் ஒழுகுது, சீக்கிரம் வாங்க'ன்னு என்னைக் கூப்பிட்டது உங்கள்ல யாரு? 'நான் பிளம்பர் இல்லம்மா, பிள்ளைகுட்டி இல்லாத ஒரு கிழவன்'னு சொன்னதுக்கு, 'பரவாயில்ல, எங்க வீட்ல தாத்தாவும்தான் இல்ல, நீங்களே வாங்க'ன்னு சொன்னது யாரு?"