தாருக்கு மருந்து

இரண்டாவது பீரியட் மணி அடித்ததும் தலைமையாசிரியை, ஒழுகலை அடைக்கத் தார் பூசிக்கொண்டிருந்த பள்ளியின் மொட்டைமாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

"வகுப்புல நெடி தாங்கல. தார் சூட்டைக் குறைங்க, இல்லைன்னா வேலையை நிறுத்துங்க."

"சூட்டைக் குறைச்சா வேலை இழுக்கும் மேடம். மருந்து வாங்கி வச்சிருக்கேன்" என்ற மேஸ்திரி, ஒரு புட்டியைக் கொதிக்கும் தாரில் கவிழ்த்தார்.

மாடியெங்கும் எலுமிச்சை மணத்தது. தலைமையாசிரியை மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார்.

"இதை நேத்தே செஞ்சிருக்கலாமே" என்று சொல்லி இறங்கிப் போனார்.

சற்று நேரத்தில் தார் கிளறுபவர் முகமூடியைக் கழற்றினார்.

"மாட்டுய்யா அதை" என்றார் மேஸ்திரி.

"அதான் மருந்து ஊத்தியாச்சே அண்ணே. இனி மாப்பிள்ளை மாதிரி மணக்கப்போறேன்."

"அது சென்ட்டுய்யா. நாத்தம் மட்டும்தான் போகும். புகை அப்படியேதான் இருக்கு."

சொல்லி முடிப்பதற்குள் கீழே ஒரு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. மேஸ்திரி கைப்பிடிச் சுவரில் குனிந்து பார்த்தார். அங்கே படிக்கும் தன் மகளுக்கு மூச்சிழுப்பு வரக்கூடாதென்று காலையில் அவரே வகுப்புக்குள் போய் இறுக்கிச் சாத்திவிட்டு வந்த ஜன்னல்.

அதில் மகளின் முகம் தெரிந்தது.

"உங்க மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு மேடம் சொன்னாங்கப்பா. எல்லா ஜன்னலையும் திறந்தாச்சு. இனிமே எனக்கு மூச்சு வாங்காதுல்ல?"