தனி மெஷின்

டயாலிசிஸ் வார்டில் நாலு பேருக்குப் பொதுவான மெஷினுக்காகக் காத்திருந்த முன்னாள் சேர்மன் திருமேனிநாதனுக்கு வயிறு எரிந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தனி அறை, தனி மெஷின், தனி நர்ஸ் சகிதம் படுத்திருந்தான், அவர் வேட்டிகளைத் தேய்த்துத் தரும் சடையாண்டி.

“அவனுக்கு யாரும்மா சிபாரிசு?”

“சிபாரிசெல்லாம் இல்லீங்கய்யா. அவருக்கு ஹெபடைடிஸ் பி. ரத்தம் வழியாப் பரவும், ஈரலையே தின்னுடும். அதான் அவர் மெஷின்ல வேற யாரையும் போடுறதில்ல,” என்றாள் நர்ஸ். “உங்களுக்கு அது வராம இருக்கத்தான் இந்த ஊசி. இதோட நாலு ஊசியும் முடிஞ்சிடும். கையைக் காட்டுங்க.”

அவரைப் பார்த்துவிட்ட சடையாண்டி கும்பிட்டான். படுத்தபடியே கும்பிட்டான்.

சேர்மன் சுருட்டிய சட்டைக்கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“என்னம்மா அவசரம்,” என்றார், கண்ணாடிக் கதவுக்கு அப்பாலிருந்த தனி மெஷினிலிருந்து பார்வையை எடுக்காமல். “அப்புறம் பாப்போம்.”